மூன்றாம் புத்தகத்தின் நான்காம் பாகம்

அடியே,

ஐந்தாம் புத்தகம் வந்து இரண்டு மாசம் ஆகிறது. கூரியர் கொண்டுவந்தவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, உள்ளே செங்கல் வைத்து அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அட்டைப்பெட்டியைக் கிழித்ததும் முதல் காரியமாகப் பக்கங்களுக்கு நடுவில் மூக்கை வைத்தேன். புதுத் தாள், புது மை, அவ்வளவுதான். இதற்கு முந்தைய நான்கும் என் கைக்கு வந்தபோது ஜெராக்ஸ் மெஷினின் சூடும், பிளாஸ்டிக் அட்டையும், நீ பூசும் அத்தரும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அந்தக் கதையின் வாசனையே அதுதான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தகத்தை மேசைமேல் போட்டுவிட்டு உன்னை நன்றாகத் திட்டினேன். கதையில் ஒரு புத்தகம் பாக்கி இருக்கும்போது போய்ச் சேர யாருக்கு மனசு வரும்? உனக்கு வந்தது.

நான் குருசுக்குப்பத்தில் வீட்டோடு பிரெஞ்சு டியூஷன் எடுப்பவள். நீ முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள். பாடத்தாள்களை நகலெடுக்க வந்துபோய்க்கொண்டிருந்த எனக்கும் உனக்கும் நடுவில் முதலில் இருந்தது வணக்கமும் சில்லறையும்தான். என் டியூஷன் பிள்ளைகள் என்னை மதாம் என்று கூப்பிடுவதைக் கேட்டு நீயும் மதாம் என்றாய். மற்றவர்கள் வாயில் அது மரியாதை, உன் வாயில் மட்டும் கிண்டல். அப்புறம் யாரோ ஒரு ஹாஸ்டல் பையன் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை முழுசாக நகலெடுக்கச் சொல்லி உன் கடையில் கொடுத்துவிட்டு, திரும்பி வரவே இல்லை. மத்தியானத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் நீ அதைப் பிரித்திருக்கிறாய். அடுத்த முறை நான் வந்தபோது என் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு தராமலே கேட்டாய்.

"மதாம், நீ கதப் புக்கு படிப்பியா? ஒரு ராணி, அவ நாட்டுல ஆறெல்லாம் உப்பாப் போவுது. யாரு பண்றாங்கன்னு தெரியல. நீயும் படி, எனக்குப் பேச ஆளு வேணும்."

மாட்டேன் என்றேன். மந்திரவாதி, பூதம் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்றேன். ஒரு வாரம் கழித்து வீட்டில் அடுப்பில் குழம்பைத் தீயவிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, இல்லாத ஓர் ஊர் ராணிக்காகச் சண்டை போட்டோம். பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகள் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது புத்தகத்தை நாமே வாங்கினோம். ஒரு புத்தகம், படிக்க இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது. நீ அதற்கு வழி வைத்திருந்தாய். என் கண்ணெதிரிலேயே அட்டையை உரித்தாய், முதுகில் கத்தியை இறக்கினாய், நான்காகப் பிளந்தாய். உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு துண்டுக்கும் துளை போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து, மேலே நீல பிளாஸ்டிக் அட்டை போட்டுக் கொடுத்தார். என்ஜினியரிங் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போல இருந்தது. நீ ஒரு பாகம் முன்னால் போவாய், முடித்ததை என்னிடம் தருவாய், நான் பின்னாலேயே வருவேன். முன்னால் போகிறவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். போனில் தேடினால் யார் சாகிறார்கள் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்தான். அதற்கு நீ ஹராம் என்று பெயர் வைத்திருந்தாய்.

மூன்றாவது புத்தகம் முழுக்கச் சண்டை. ஐந்து புத்தகத்துக்கு நடுப் புத்தகம், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஒரே ஒரு கோட்டை, சுற்றி ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பகைவர் படை, நடுவில் ஒரு குளிர்காலம். எழுதினவர் அவசரமே படவில்லை. குழி வெட்டுகிறார்கள், மண்மூட்டை அடுக்குகிறார்கள், குதிரைகளுக்குத் தீனி தீர்ந்துபோகிறது, தோல் வாரை வேகவைத்துத் தின்கிறார்கள். ராணியைக் காணவே காணோம். சண்டையை விட்டுவிட்டு நேராக நாலாவது புத்தகத்துக்குப் போய்விடலாமா என்று உன்னைக் கேட்டேன்.

"அவங்க அங்க குளிர்ல கெடக்குறாங்க, நீ தாண்டிப் போயிடுவியா?" என்றாய். உடன்பிறந்தவர்களை நடுரோட்டில் விட்டுவிட்டு வரச் சொன்ன மாதிரி ஒரு முகம் காட்டினாய்.

புத்தகத்தின் முன்பக்கத்தில் இருந்த வரைபடத்தை ஏ-த்ரீ தாளில் பெரிதாக்கி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாய். நம் படைக்குப் பச்சை ஸ்டிக்கர், எதிரிக்குச் சிவப்பு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஸ்டிக்கரை நகர்த்துவாய். அதுவும் நான் படித்த இடம் வரைக்கும்தான் நகர்த்துவாய், நீ படித்த இடத்துக்கு இல்லை. அது எந்த நாடு ஆன்ட்டி என்று கேட்ட பெண்ணிடம், எங்கள் பூர்வீகம், பாஸ்போர்ட் மட்டும்தான் கிடைக்கவில்லை என்று சொன்னாய். அந்தப் பெண் நம்பிவிட்டாள்.

எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்த ஒரே ஆள், குதிரைக்கு லாடம் அடிப்பவரின் மகன். பத்தொன்பது வயசு. வாளெல்லாம் சரியாகப் பிடிக்கத் தெரியாது. சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பான், தலையோடு போர்த்திக்கொண்டுதான் தூங்குவான், அதிகாரி திட்டினால் சிரிப்பை அடக்கத் தெரியாது. படித்த முதல் நாளே நான் உன்னிடம் சொன்னேன், இது என் பையன் அருளேதான் என்று. நீ மெஷினில் தாளை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

அருள் அப்போது பாலைவனத்தில் இருந்தான். உனக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரர் சொல்தாவாக இருந்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்துப் பென்ஷன் வாங்கியவர். அவர் போனபின் எனக்கென்று இருந்தது பையன் ஒருவன்தான். அவனும் அப்பா வழியில் கிடைத்த பிரெஞ்சு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே பட்டாளத்துக்குப் போனான். முதலில் ஊருக்குள் காவல் வேலை என்றான். அப்புறம் மிசியோன் என்றான், வெளிநாட்டுப் படைப்பணி. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாடு, பெயர் சொல்லக் கூடாதாம். போன் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். நீங்களும் குழி வெட்டுவீர்களா என்று ஒருமுறை கேட்டேன். மணலில் மாட்டிக்கொள்ளும் வண்டியைத் தள்ளுவதுதான் அம்மா எங்களுக்கு வேலை என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு பத்து நாள் ஓட்டுவேன்.

பகலெல்லாம் பயம்தான். மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுவேன், வாசலில் பைக் நின்றால் ஓடிப்போய் ஜன்னலில் பார்ப்பேன். அந்தப் பயத்தில் ஒரு பைத்தியக்காரத்தனம் பிடித்துக்கொண்டது. புத்தகத்தில் இருக்கிற பையன் பிழைத்தால் என் பையனும் பிழைப்பான். அவன் ஆற்றைத் தாண்டி வந்த அத்தியாயத்தைப் படித்த அன்றுதான் அருள் போன் செய்தான். புத்தகப் பையனுக்குக் காய்ச்சல் கண்ட அத்தியாயத்தில் இரண்டு வாரம் போனே இல்லை. மூன்றாம் பாகத்தை முடித்துத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று உன்னிடம் சொல்லியும் விட்டேன், இவனுக்கு ஒன்றும் ஆகாதவரை அருளுக்கும் ஒன்றும் ஆகாது என்று. படிச்ச பொம்பளையா நீ என்று கேட்டாய். நான்காம் பாகம் உன் மேசைமேல்தான் இருந்தது. அதை நீ ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாய். இன்னும் இரண்டு நாள் கொடு என்றாய்.

அந்த இரண்டு நாள் மாசக்கணக்கில் நீண்டது. ஒரு பாகத்தை ஒரே வாரத்தில் விழுங்குகிறவளுக்குத் திடீரென்று கண்ணாடி உடைந்தது. கண்ணாடி வந்ததும் தலைவலி வந்தது. அப்புறம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். அப்புறம் நோன்பு மாசம், கதைப் புத்தகம் தொட மாட்டேன் என்றாய். அதற்கு முந்தின வருஷ நோன்பில் இரண்டாம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் கஞ்சிக்கே உட்கார்ந்தாய். பெருநாளும் முடிந்தது. சுவரில் ஸ்டிக்கர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கடை நிறையப் பிள்ளைகள் நின்றபோதே கத்திவிட்டேன். இத்தனை நாளாக ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு போக்குக் காட்டுகிறாயா, நான் வேறு ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"வாங்கிக்கோ. ஆனா அதுக்கப்புறம் இந்தக் கடைப் படி ஏறாத" என்றாய். ஏதோ சாவிக்கொத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாய்.

நான் வாங்கவில்லை. உனக்குப் பயந்து இல்லை, வாங்கினால் நீ சொன்னபடி செய்துவிடுவாய் என்று தெரியும். வேறு கடையில் நகல் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளும் கோணலாக விழுந்தது. பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் திரும்பி உன்னிடமே வந்தேன். புத்தகத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வைகாசி வெயிலில் அருளுக்குப் பெர்மிசியோன் கிடைத்தது. லீவில் வீட்டுக்கு வந்துவிட்டான். கறுத்து, இளைத்து, காதோரம் தோல் உரிந்து, ஆனால் முழுசாக. அன்று சாயங்காலமே நீ வந்தாய். பாய் ஸ்கூட்டர் ஓட்ட, நீ தம்ரூட் இனிப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாய். உன் வீட்டுக்காரரை நான் எப்போதும் பாய் என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் என் வாயில் வேறு பெயர் பிடிக்காது. உள்ளே வந்தவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவனை எழுந்து நிற்கச் சொன்னாய். திரும்பு என்றாய். சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர் மாதிரி தோளைத் தொட்டுப் பார்த்தாய், கையை நீட்டச் சொல்லி விரலைப் பார்த்தாய். ஆன்ட்டி, எல்லாம் கணக்காக இருக்கிறதா என்று அவன் சிரித்தான். அப்புறம்தான் பையிலிருந்து நீல அட்டையை எடுத்து என் கையில் வைத்தாய்.

"இப்போ படி" என்றாய்.

மறுநாள் மத்தியானம் அவன் உள்ளே தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கினான். நான் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பையன் செத்துப்போனான். சண்டையில்கூட இல்லை. சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள், கொம்பு ஊதிவிட்டார்கள், அந்தச் சேதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. இவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கரைக்கு இறங்கினான். எவனோ ஒருவன் அம்பு விட்டான். அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட இல்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். உள்ளே அருள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குறட்டை காதில் விழ விழத்தான் என்னால் அந்த அத்தியாயத்தைத் தாண்ட முடிந்தது. நீ எதற்காகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டாய் என்றும் அப்போதுதான் புரிந்தது.

கடைக்கு வந்து உன் எதிரில் நின்றேன். முடித்துவிட்டாயா என்று கேட்டாய். தலையாட்டினேன். நீ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னாய். ஒரு மணிநேரம் அந்தப் பையனைப் பற்றியே பேசினோம். கடைசியில் அவன் யாரையும் கூப்பிடவில்லை, குதிரையின் பெயரைத்தான் சொன்னான் என்று நீ சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, சரியான நடிகை நீ என்று கேலி செய்தேன். உனக்குப் பெரிய உதவி செய்த நினைப்பு, எனக்கு நல்ல சிநேகிதி கிடைத்த சந்தோஷம், அத்தோடு அது முடிந்தது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

அருள் இப்போது பிரான்சிலேயே புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஞாயிறு தவறாமல் பேசுகிறான், உன்னைப் பற்றிப் பேசாமல் வைப்பதில்லை. நாலாவது புத்தகத்தை நாம் வெட்டி, படித்து, ராணி திரும்பி வந்ததற்குக் கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தோம். போன வருஷம் ஒருநாள் மதியத் தொழுகைக்கு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வந்து சேர்ந்தபோது உன்னை வெள்ளையில் சுற்றியிருந்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் உன் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை கூட ஒழுங்காக வரவில்லை. கழுவாத டம்ளரில் உன் டீ அப்படியே இருந்தது.

இந்த ஐந்தாவதைப் பிரித்துப் படிக்க எனக்கு முதலில் கை வரவில்லை. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாய்தான் இருந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று உன் மகள் சென்னையிலிருந்து எனக்குப் போன் பண்ணி அழுகிறாள். புத்தகத்தை அவர் முன்னால் வைத்து, வெட்டிக் கொடுங்கள் என்றேன். பாய் இத்தனை வருஷத்தில் ஒரு கதை படித்தவர் இல்லை. எந்தப் புத்தகமானாலும் முதுகு உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர். அதையே பார்த்துவிட்டு, வெட்ட மாட்டேன் என்றார். ஆள் ஒருத்தர்தானே படிக்கப்போறீங்க மதாம் என்றார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். நீ யாருக்கும் சொல்லக் கூடாது என்று வாங்கியிருந்த சத்தியத்தை அன்றைக்கு மீறினார்.

நீ நான்காம் பாகத்தை ஆரம்பித்த அன்று ராத்திரி சோறு தின்னவில்லையாம். மறுநாளும் தின்னவில்லையாம். தொழுத பாயிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாயாம். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. நான் போன் பண்ணியபோது எடுக்காமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாயாம். மதாம் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று மட்டும் முனகினாயாம். பாவம், பாய் வேறு என்ன நினைப்பார்? பட்டாளத்தில் இருக்கிற பையன் என்று அவருக்குத் தெரிந்தவன் அருள் ஒருவன்தான். அவன் போய்விட்டான், சேதி உனக்கு முதலில் வந்துவிட்டது, சொல்ல முடியாமல் தவிக்கிறாய் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கடை ஷட்டரை இறக்கிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, துக்கம் கேட்க என் வீட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாராம்.

நீ செருப்புக்கூட இல்லாமல் தெருவில் ஓடி வந்து, முனையில் ஸ்கூட்டர் பின்னால் தொங்கி நிறுத்தினாயாம். தெருவே வேடிக்கை பார்த்ததாம். புத்தகத்தில்தான் என்று நீ சொல்லியும் அவருக்குப் புரியவே இல்லையாம். எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது பாய் சிரித்தார், நானும் சிரித்தேன். என் நல்ல நேரம், அன்று அவர் என் வாசலுக்கு வந்து தொப்பியோடு நின்றிருந்தால் என் உயிர் அங்கேயே போயிருக்கும்.

சிரித்து முடித்தபின் பாய் மெதுவாகச் சொன்னார்.

"நான் கேட்டேன் மதாம், கதைக்கா இப்படி அழுவுறன்னு. அதுக்கு அவ சொன்னா, 'அழுதா அவகிட்டதான் சொல்லி அழுவணும், அவகிட்டயே சொல்ல முடியலையே'ன்னு."

அடியே, பேச ஆள் வேண்டும் என்றுதானே என்னை இந்தக் கதைக்குள் இழுத்தாய்? அந்தச் சாவை மாசக்கணக்கில் தனியாக வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய்? நான் கடை வாசலில் நின்று கத்தினேனே, அப்போதும் வாயைத் திறக்காமல் சாவிக்கொத்தைத் தேடினாயே. உன்னைப் போல ஒருத்தி இனி எனக்குக் கிடைக்க மாட்டாள். இதை நீ இருக்கும்போது ஒரு தடவை சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாய்.

கிளம்பும்போது பாய் புத்தகத்தை என் கையில் கொடுத்து ஒன்று கேட்டார். படித்து முடித்ததும் கதையை எனக்கு முழுசாகச் சொல்லிவிடுங்கள் என்றார். உங்களுக்கு எதற்கு பாய் என்றேன்.

"நான் அங்க போனா மொதல்ல அதத்தான் கேப்பா. ராணி என்ன ஆனா, ஆறு என்ன ஆச்சுன்னு. தெரியாதுன்னா என்னத் திட்டுவா. அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா எனக்கு இங்க வேற வேல இல்ல, கெளம்ப வேண்டியதுதான்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. மாத்திரை அட்டை பிரிக்காமலே மேசைமேல் கிடந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து அவர் கடை திறக்கும் நேரத்துக்குப் போகிறேன். முதலில் அந்த வார மாத்திரையெல்லாம் தீர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் சாப்பாடு, அப்புறம்தான் கதை. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார். நீ கேட்கக்கூடிய கேள்விகளை எல்லாம் யோசித்து யோசித்து அவரே கேட்டுவைத்துக்கொள்கிறார்.

புத்தகத்தை நான் போன மாசமே படித்து முடித்துவிட்டேன். முடிவு உனக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன். படித்த அன்றிலிருந்து அதை யாரிடமும் பேச முடியாமல் வயிற்றில் சுமந்துகொண்டு திரிகிறேன், உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. நேற்று கதையை நிறுத்திவிட்டு எழுந்தபோது பாய் கேட்டார், நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க மதாம், முடியப்போவுதா என்று.

"எங்க பாய், கண்ணாடி உடைஞ்சு கெடக்கு. இன்னும் பாதிகூடத் தாண்டல" என்றேன்.